காயம் யாருக்கும் இல்லை

முதல் கைத்துப்பாக்கியைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது, கையால் பார்த்து வாங்க வேண்டும். நேற்று நீங்கள் காபிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, "என் பொண்ணுக்கு வர்ற மாசம் இருபத்தொண்ணு முடியுது மிஸ்டர் டீட்ஸ், முதல் துப்பாக்கியா எதை வாங்கிக் குடுக்கலாம்?" என்று கேட்டீர்கள். என் வாயைக் கிளறத்தான் கேட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை, டிடெக்டிவ் யோஸ்ட். உங்களுக்கு மகள் இருக்கிறாளா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனாலும் அது நல்ல கேள்வி. பத்தொன்பது வருடம் துப்பாக்கிக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

மஞ்சள் தாள் கட்டையும் பேனாவையும் கொடுத்து, நடந்ததை என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ராய்ஸ் ப்ரூயட் இறந்து இன்றோடு ஒன்பது நாள். அவனுடைய அண்ணன் மனைவி நடீன், தன் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் வைத்து அவனைச் சுட்டாள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளே போன் செய்து சொன்னாள். திருடன் என்று நினைத்துச் சுட்டுவிட்டாள் என்று எங்கள் ஊர் பெல்ட்டன் க்ரீக்கில் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் மட்டும் மூன்று நாளாக என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

கடைக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் சின்னதாக ஒன்று கேட்பார்கள். கைப்பைக்குள் அடங்க வேண்டும், கனம் இருக்கக் கூடாது. கூட வரும் புருஷன்மார் இன்னும் மோசம். "இவளுக்கு ஒரு குட்டி ரிவால்வர் போதுங்க" என்று, ஏதோ பொம்மை வாங்கிக் கொடுப்பதுபோல் சொல்வார்கள். துப்பாக்கி எவ்வளவு சின்னதோ அவ்வளவு உதைக்கும். முதல் நாள் உதை வாங்கிய கை மறுநாள் அதைத் தொடாது. அலமாரியில் போர்வைக்கு அடியில் போய்விடும். பிடி உள்ளங்கையை நிறைக்க வேண்டும், விரலின் முதல் கணு விசையில் படிய வேண்டும், மேலே பின்னுக்கு நகரும் ஸ்லைடை அவளே இழுக்க முடிய வேண்டும். கொஞ்சம் கனமாகவே இருக்கட்டும். கனம்தான் உதையை வாங்கிக்கொள்ளும். இதை நான் நடீனுக்கும் சொன்னேன்.

அவள் கடைக்கு வந்தது செப்டம்பர் முதல் வாரம். அவள் கணவன் வெண்டல் ஏப்ரலில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். நடீன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவள், பயந்தாங்கொள்ளி அல்ல. அன்று அவளிடம் துளிகூடப் பயம் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"எங்க அக்கா ஸ்ப்ரிங்ஃபீல்டுல இருந்து தினம் போன் பண்ணித் தொல்லை பண்றா லோவல். தனியா இருக்கியே, தனியா இருக்கியேன்னு. ஒண்ணு வாங்கி அலமாரியில போட்டுட்டா அவ வாய் மூடும். இதோ, இந்த நீலப் பச்சையில இருக்கே, இதைக் குடுங்க. என் கைப்பைக்கு எடுப்பா இருக்கும்."

"நீ துப்பாக்கி வாங்க வந்தியா, தோடு வாங்க வந்தியாம்மா?" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தாள். வெண்டலைப் புதைத்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் எப்போதும் இருந்ததில்லை.

நீலப் பச்சையை உள்ளே வைத்துவிட்டு, அவள் கைக்குப் பொருந்தும் நடுத்தர அளவுப் பிஸ்டல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு நிறம், பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு முறை பிடித்துப் பார்த்தாள். "அட, கைக்குள்ள உக்காந்துக்குதே" என்றாள். அதுதான் சரியான துப்பாக்கி. உங்கள் மகளும் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை எதையும் வாங்காதீர்கள்.

துப்பாக்கியைவிட முக்கியம் அதைச் சுட்டுப் பழகும் தளம். நல்ல தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, யாருமே கேட்பதில்லை, ஆனால் நான் சொல்கிறேன். உள்ளே போகாதீர்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நின்று பாருங்கள். விசில் ஊதியதும் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வருகிறார்களா? தள அதிகாரி மேசை மேசையாக நடந்து, ஒவ்வொரு துப்பாக்கியும் திறந்து காலியாகக் கிடக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாரா, இல்லை செல்போனைப் பார்க்கிறாரா? அவர் பார்த்து முடிக்கும்வரை இலக்குத் தாளை மாற்ற ஒருவர்கூட முன்னால் போகக் கூடாது. பிறகு குறிப்பேட்டைக் கேளுங்கள். குறிப்பேடு இல்லாத தளத்தில் மகளை விடாதீர்கள்.

எங்கள் வேட்டைச் சங்கத்தின் தளத்தில் இருபத்தைந்து வருடமாகத் தள அதிகாரியின் சிவப்புக் கையில்லாச் சட்டையும் விசிலும் என்னிடம்தான். குறிப்பேடும் என் கையெழுத்துத்தான். தேதி, நேரம், எத்தனை பேர் சுட்டார்கள், கடைசியில் ஒரு வரி: காயம், யாருக்கும் இல்லை. இருபத்தைந்து வருடமும் அதே வரி. மனைவி என்னை விட்டுப் போன அன்றுகூட மாலையில் போய் அந்த வரியை எழுதிவிட்டு வந்தேன். சிலருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சிலருக்கு நிலம் இருக்கிறது. எனக்கு அந்த ஆறு குறிப்பேடுகள் இருக்கின்றன.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை காலை, தளத்தில் மூன்றே பேர். நான், ராய்ஸ், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பல் டாக்டர். ராய்ஸ் சங்கத்தின் செயலாளர். வீடுகளுக்கு எரிவாயு கொண்டுபோகும் லாரி ஓட்டுபவன், அன்று விடுமுறை. முப்பது வருடப் பழக்கம் எங்களுக்கு. விசில் ஊதினேன். ராய்ஸின் மேசையைப் பார்த்தேன், என்னுடையதையும் பார்த்தேன். பல் டாக்டருடையதை மட்டும் பார்க்கவில்லை. ஏனென்றால் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இந்தத் தளத்தில் இருபத்தைந்து வருடமாக ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போகலாம் என்று கையைக் காட்டினேன். ராய்ஸ் தாளை மாட்ட முன்னால் போனான். அவன் கூரை நிழலைத் தாண்டுவதற்குள் பல் டாக்டர் தன் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைக்க எடுத்தார். அது வெடித்தது. தோட்டா கூரைத் தூணில் போய்ப் பதிந்தது.

ராய்ஸ் அங்கேயே நின்றான். திரும்பி வந்து முதலில் சிரித்தான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க அவனால் முடியவில்லை. பல் டாக்டர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியேறிப் போனவர்தான், பிறகு வரவே இல்லை.

"காதுகிட்ட காத்து அடிச்சுதுடா லோவல்" என்றான் ராய்ஸ். "சரி, எடு குறிப்பேட்டை. எழுது."

"யாருக்கும் காயமில்லையே."

"காயமில்லைதான். தோட்டா போச்சே. கொசு கடிச்சாக்கூட நாலு வரி எழுதுறவன், இதை எழுத மாட்டியா?"

நான் எழுதவில்லை. அன்று மாலை தூணிலிருந்த ஓட்டையை மரப்பசை வைத்து அடைத்துச் சாயம் பூசினேன். குறிப்பேட்டில் வழக்கமான வரியை எழுதினேன். அது பொய்யில்லை, காயம் உண்மையிலேயே யாருக்கும் இல்லை.

பத்து நாள் கழித்து ராய்ஸ் என் வீட்டுக்கு வந்தான். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். தோளில் கைபோட்டுக்கொண்டு பேசினான்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்டா. நீயே எழுது. டிசம்பர் கூட்டத்துக்குள்ள எழுதிடு. எழுதலேன்னா நான் எந்திரிச்சு சொல்லவேண்டி வரும். உன்னைக் கவுக்கிறதுக்கு இல்லடா. நாளைக்கு இன்னொருத்தன் அந்தத் தாள்கிட்ட நிப்பான்ல, அதுக்காக."

டிசம்பர் கூட்டத்தில் எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கான, பெயர் பொறித்த பாராட்டு மரப்பலகை கொடுக்க இருந்தார்கள். பலகைக்குச் சொல்லிவைத்ததே ராய்ஸ்தான். எழுதினால் சிவப்புச் சட்டை ஆறு மாதம் போகும். மறைத்தது தெரிந்தால் அடியோடு போகும். என்ன செய்வான் என்று அவன் ஒளித்து வைக்கவில்லை. அந்த விஷயத்தில் நேர்மையானவன். எனக்கு அவமானமாக இருந்தது. அவன் என்மேல் பரிதாபப்பட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எப்போது அந்த எண்ணம் வந்தது என்று கேட்பீர்கள். ஒரு தேதியைச் சொல்ல முடியாது. நடீன் ஒரு வார்த்தை சொன்னாள். அதிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், பள்ளிக்கூட வேலை முடிந்து, மூன்று மணிக்குத் தளத்துக்கு வருவாள். ராய்ஸ் லாரியோடு வெளியூரில் இருக்கும் நேரம் அது. ஒரு நாள் காதடைப்பானைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்டு வாசல் மணி அடிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா லோவல்? எல்லாரும் பின்பக்கமாத்தான் வருவாங்க. ராய்ஸ் கதவைத் தட்டினதே கிடையாது. நிலைக்கு மேல சாவி இருக்கும், எடுத்துத் திறந்துட்டு வந்து, என்ன சமையல்னு கேப்பான்."

இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சொந்தக்காரன் பின்பக்கமாக வருவான். மணி அடிப்பவன் பைபிள் விற்க வந்தவன். நீங்களும் இங்கேதான் வளர்ந்தீர்கள், உங்களுக்குத் தெரியும். நான் அதைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த வாரம் அவள் வேலையில் இருந்தபோது போய், நிலைக்கு மேலிருந்த சாவியை எடுத்து ஜெரேனியம் பூத்தொட்டிக்கு அடியில் வைத்தேன். அடுத்த வாரம் தாழ்வாரப் படியில் சேற்றுக் காலோடு இரண்டு அடி வைத்துவிட்டு வந்தேன். அதற்கடுத்த வாரம் குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து வைத்தேன். மொத்தம் மூன்றே காரியம். ஒன்றையும் உடைக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை.

அவள் தளத்துக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"யாரோ வந்துட்டுப் போறாங்க லோவல். சாவி இடம் மாறியிருக்கு. இல்ல, நான்தான் மாத்தி வச்சுட்டு மறந்துட்டேனா? வெண்டல் போனதுல இருந்து எனக்கு எதுவும் ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

"நீ மறக்கிற ஆள் இல்லம்மா" என்றேன். "உன் கண்ணை நீ நம்பு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காள் அவளுக்கு ஞாபகமறதி என்றாளாம். உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் அணில் ஓடியிருக்கும் என்றாராம். நான் ஒருவன்தான் அவளை நம்பினேன்.

அதற்குப் பிறகு அவள் எல்லோரையும் பார்த்தாள். தெருமுனை டிரெய்லர் வீட்டில் புதிதாகக் குடிவந்தவன் ஏன் இரண்டு முறை வண்டியை மெதுவாக ஓட்டிப் போனான்? தபால்காரி ஏன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்? தேவாலயத்தில் புல் வெட்டுபவன் ஏன் அவள் விடுமுறை நாளை விசாரித்தான்? ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து சொல்வாள். நான் ஆமாம் என்றும் சொல்ல மாட்டேன், இல்லை என்றும் சொல்ல மாட்டேன். "கவனிச்சுக்கோ" என்பேன். பூட்டை மாற்றச் சொன்னாள். மாதக் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் பண்டிகை கழிந்ததும் நானே வந்து மாற்றித் தருகிறேன் என்றேன்.

"ராய்ஸ்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"சொல்லேன். வீட்டை வித்துட்டு அக்கா வீட்டுக்குப் போன்னு சொல்வான். அவனும் உன் அக்காவும் ஏற்கெனவே பேசிக்கிட்டாங்களோ என்னமோ."

அவள் சொல்லவில்லை. துப்பாக்கி வாங்கியதையும் சொல்லவில்லை. ராய்ஸ் வந்தால் முன்னைப்போல் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். "நடீனுக்கு என்மேல என்னடா கோபம்?" என்று ராய்ஸ் என்னிடம்தான் வந்து கேட்டான். துக்கத்தில் இருப்பவளைத் தொந்தரவு செய்யாதே, கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாதே என்றேன். அவன் கேட்டுக்கொண்டான்.

இதற்கிடையில் அவளுக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தேன். பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்: "பயிற்சியில்லாத பெண் பதற்றத்தில் சுட்டார்". இதைப் படித்த அன்றுதான் உங்களிடம் பேசுவது என்று முடிவு செய்தேன். பயிற்சியில்லாத பெண்ணாம். என் கையில் பயின்றவள் அவள்.

புதிதாகச் சுடுபவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். சத்தம் வரப்போகிறதே என்று, விசையை அழுத்துவதற்கு அரை நொடி முன்னால் கை பயந்து கீழே தாழும். அதைப் போக்க ஒரு வழி இருக்கிறது. தோட்டா அடுக்கும் மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே டம்மித் தோட்டாக்களைக் கலந்து கொடுப்போம். எது எப்போது வரும் என்று சுடுபவருக்குத் தெரியாது. டம்மி வரும்போது வெடிக்காது. ஆனால் கை தாழ்வது பளிச்சென்று தெரியும். நடீனுக்கு முதல் வாரம் குழல் முனை தரையைப் பார்த்தது. ஆறாவது வாரம் எது வந்தாலும் முனை அசையவில்லை. அந்த அரை நொடி அவளிடமிருந்து போய்விட்டது. மனிதன் யோசிப்பது அந்த அரை நொடியில்தான்.

விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. சுடக் கூடாததன் பக்கம் முனையைத் திருப்பாதே. சுடும்வரை விசையில் விரல் வைக்காதே. நான்காவது, எதைச் சுடுகிறாய் என்று தெரிந்து சுடு. முதல் மூன்றையும் எல்லோருக்கும் சொல்வதுபோலவே சொன்னேன். நான்காவதை அவளுக்கென்று கொஞ்சம் விவரமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கினால் காட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஆரஞ்சுத் தொப்பியும் ஆரஞ்சு மேல்சட்டையும் போட்டாக வேண்டும். மான் என்று நினைத்து ஒருவரையொருவர் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பதினொரு நாளும் மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் பாதி ஊர் ஆரஞ்சில்தான் திரியும். நடீனிடம் சொன்னேன்: "இந்த மாசத்துல ஆரஞ்சுத் தொப்பி போட்டவனை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். அடுத்தவன் வீட்டுக் கொல்லையில நின்னாலும் வேட்டைக்காரன்னு விட்டுடுவாங்க. திருடனுக்கு இதைவிட நல்ல வேஷம் வேணுமாம்மா?"

"ராய்ஸும் ஆரஞ்சு போடுவானே" என்றாள்.

"ராய்ஸ் இந்த வருஷம் வேட்டைக்கே போகலையே. முட்டிவலி. உனக்குத் தெரியாதா?"

அது உண்மை. அவள் ராய்ஸிடமே வேறொரு பேச்சில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அதன் பிறகு கடைசி நான்கு பயிற்சிகளிலும் அட்டை உருவத்துக்கு என் பழைய ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிவிட்டேன். எதற்கு என்று கேட்டாள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்றேன். சங்கத்துக் கொட்டகையில் நீங்கள் கண்டெடுத்த சட்டை அதுதான். ஓட்டைகளை எண்ணியிருப்பீர்கள். எல்லாம் ஒரு கையளவுக்குள் இருக்கும்.

பருவத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒரு பெண் மானைச் சுட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் கராஜில் அதை நானே வெட்டி, வெள்ளைத்தாளில் பன்னிரண்டு பொட்டலம் கட்டி உறையவைத்தேன். கணவனை இழந்த வீட்டுக்கு முதல் வருடம் யாராவது மான் இறைச்சி கொண்டுபோய் ஃப்ரீசரை நிரப்புவது இங்கே வழக்கம். கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவள் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வாள். எவ்வளவு நல்ல பழக்கம்.

திங்கட்கிழமை நடீனிடம், அவள் வீட்டுக் கொல்லையில் ஆரஞ்சுத் தொப்பிக்காரன் ஒருவன் நின்றதைப் பார்த்தேன் என்று சொன்னேன். "நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்டுலயே இரு. காரை என் கராஜில விடு, ஆள் இல்லேன்னு நினைச்சு வந்தா யாருன்னு தெரிஞ்சுடும். நான் நாலு மணிக்கு வந்து முன்வாசல் மணி அடிப்பேன். உன் ஆளுங்க யாரா இருந்தாலும் மணி அடிக்கச் சொல்லியிருக்கேன். சத்தமில்லாம பின்பக்கம் வர்றவன் உன் ஆள் இல்ல."

செவ்வாய்க்கிழமை காலை அவள் காரை விட வந்தாள். அவளை வீட்டில் இறக்கிவிடப் போனபோது, பின்பக்கம் ஒரு சுற்றுப் பார்த்து வருகிறேன் என்று போய், ஜெரேனியம் தொட்டிக்கு அடியிலிருந்த சாவியை, ராய்ஸ் தேடாமல் எடுக்கும்படி, பழையபடி நிலைக்கு மேலேயே வைத்தேன். அவள் அதைத் தொட்டிக்கு அடியிலேயே விட்டுவைத்திருந்தாள், மீண்டும் இடம் மாறுகிறதா பார்க்க. பிறகு ராய்ஸைக் கூப்பிட்டு இறைச்சிப் பெட்டியைக் கொடுத்தேன்.

"நீயே குடுக்கலாமே" என்றான்.

"நீ குடுத்தா அவ மனசு மாறும்டா. அவ வேலைக்குப் போயிருப்பா. தாழ்வாரத்து ஃப்ரீசர்ல வச்சுட்டு வந்துடு, பேசாதே, போன் பண்ணாதே. வண்டியைச் சர்ச்சுக்கிட்ட நிறுத்திட்டுத் தோப்பு வழியா போ, அவ வீட்டுச் சந்து சேறா கிடக்கு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நடீனோடு சமாதானமாக ஒரு வழி கிடைத்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். கிளம்பப் போனவனை நிறுத்தி, என் ஆரஞ்சுத் தொப்பியையும் மேல்சட்டையையும் கொடுத்தேன். "தோப்புக்கு அந்தப் பக்கம் ஆளுங்க சுட்டுக்கிட்டு இருக்காங்க. இது இல்லாம இறங்காதே."

"நீ எங்கம்மாவைவிட மோசம்டா" என்றான். தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

நான் சொன்னபடி நான்கு மணிக்குப் போனேன். உங்கள் வண்டிகள் நின்றன. முன்வாசலுக்குப் போய் மணி அடித்தேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. யாரும் வராததால் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். நடீன் படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தத் தொப்பி. பொட்டலங்கள் படியில் இறைந்து கிடந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தொப்பியைக் கழட்டினேன் லோவல்" என்றாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அவள் துப்பாக்கி கைப்பிடிச் சுவர்மேல் இருந்தது. மேகசின் தனியே, ஸ்லைடு பின்னால் திறந்தபடி, முனை ஆளில்லாத பக்கம். அந்த நிலைமையிலும் நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பொட்டலங்களால்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். பரிசாகக் கொடுக்கும் மான் இறைச்சியில், சுட்டவனின் பெயரும் முகவரியும் தேதியும் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டிலும் லோவல் டீட்ஸ் என்று எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். விதியை எப்படி மீறுவது? அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

ஆக, உங்களுக்கு வேண்டியது இதுதான். ராய்ஸ் ப்ரூயட்டைக் கொன்றது நான். நடீன் அதற்கு நான் பயன்படுத்திய கருவி. அவள்மேல் வழக்குப் போடக் கூடாது. அவள் நான் காட்டியதைத்தான் சுட்டாள். மிக நன்றாகச் சுட்டாள். இதில் கையெழுத்துப் போடுகிறேன். நீதிமன்றத்தில் எங்கே நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் என்னால் இணங்க முடியாது. இன்று காலை நீங்கள் ஆறாவது குறிப்பேட்டைக் கொண்டுவந்து, ஆகஸ்ட் பதினான்காம் தேதிப் பக்கத்தைத் திறந்து வைத்து, நடந்ததை நடந்தபடி திருத்தி எழுதச் சொன்னீர்கள். பேனாவைக்கூட எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். அந்தப் பக்கத்தில் திருத்த ஒன்றுமில்லை, மேடம். நடீனின் வீடு தளத்திலிருந்து பதினொரு மைல். உங்களுக்கு உண்மையிலேயே மகள் இருந்தால் எங்கள் தளத்துக்கே அழைத்துப் போங்கள். இருபத்தைந்து வருடத்தில் அங்கே ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை, நானே எழுதிவைத்திருக்கிறேன்.